லாசோ என்றால் ஆமாம் அல்ல

எங்கள் பேச்சில் ஒரு சொல் இருக்கிறது. லாசோ. பெரியவர் ஏதாவது சொன்னால் லாசோ. விருந்தாளி ஏதாவது கேட்டால், கூடக் கொஞ்சம் மரியாதை சேர்த்து, லாசோ லா. போனை வைக்கும்போது லாசோ, லாசோ என்று இரண்டு தடவை. அதற்கு ஆமாம் என்று அர்த்தம் இல்லை. இல்லை என்றும் அர்த்தம் இல்லை. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என் மனைவி செல்தென் ஹா பள்ளத்தாக்கில் பிறந்தவள். அவளுக்கு இந்தச் சொல்லைக் கண்டாலே ஆகாது.

"உன் லாசோவ வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? சோத்துல போட்டுப் பெசஞ்சு சாப்பிடவா?" என்பாள். "கூரையில தண்ணி ஒழுகுதுன்னு சொன்னா லாசோ. அம்மாவைப் பார்க்கப் போகணும்னா லாசோ. ஒருநாள் வீடு தீப்பிடிச்சு எரியுதுன்னு சொல்லப்போறேன், அப்பவும் நீ லாசோன்னுட்டு சாக்ஸ் மாட்டிக்கிட்டு இருப்ப."

நான் பதினான்கு வருடமாக சுற்றுலா கைடு. முழங்கால்வரை சாக்ஸும், இடுப்பில் இறுக்கிக் கட்டிய அங்கியும், சிரித்த முகமும்தான் என் தொழில். வந்தவர்களிடம் முடியாது என்று சொல்லக்கூடாது. மழை பெய்தால்கூட, கொஞ்சம் நேரத்தில் விட்டுவிடும் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிச் சொல்லி வீட்டுக்கு வந்தும் அதே வாய்தான்.

இரண்டு வருடத்துக்கு முன், இலையுதிர்காலத்தில், செல்தென் திம்புவில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இருதயத்தில் சிறு வயதிலிருந்தே கோளாறு. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அதனால் நானும் எடுத்துக்கொண்டதில்லை. மறுநாள் காலை நான் ஒரு குழுவை ஆறு நாள் மலை நடைக்குக் கூட்டிப்போக வேண்டும். அவள் என் அங்கியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இந்தக் குரூப்ப வேற யாருக்காவது குடுத்துடு. என்கூட இரு."

நான் சொன்னேன், "லாசோ."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முகம் அப்படியே தெளிந்துவிட்டது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அவள் என் லாசோவை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். அவள் தூங்கியபிறகு நான் எழுந்து வீட்டுக்குப் போய் முதுகுப்பையில் துணிகளை அடுக்கினேன்.

அந்த மலையில் போன் எடுக்காது. மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். ஆறாம் நாள் சாலைக்கு இறங்கி வந்தபோது, வண்டியோடு எனக்காகக் காத்திருந்த டிரைவர் சென்சோ அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எரிப்பதற்குச் சோதிடர் குறித்துக் கொடுத்த நாள் அதற்கும் மறுநாள்தான். அதனால் நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். ஆனால் அதற்குள் அவளை உட்காரவைத்து வெள்ளைத் துணியில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். முகத்தை நான் பார்க்கவில்லை.

அவள் சாம்பலைக் களிமண்ணோடு பிசைந்து, அச்சில் அழுத்தி, விரல் உயரத்துக்கு நூற்றெட்டு சாட்சா செய்தேன். குட்டிக் கோபுரங்கள். மடத்திலிருந்து வந்த துறவி அச்சுக்கு எண்ணெய் தடவிக் கொடுப்பார், நான் அழுத்துவேன், அவர் மந்திரம் சொல்லி வெயிலில் வைப்பார். நூற்றேழு வரை சரியாக வந்தது. கடைசி ஒன்றுக்கு மண் போதவில்லை. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்ததையெல்லாம் நகத்தால் சுரண்டி, அச்சில் பாதிதான் நிறைந்ததால், மேல் பாதியைக் கட்டைவிரலால் இழுத்து விட்டேன். அது ஒருபக்கம் சாய்ந்து, தலையில் என் விரல் ரேகையோடு நின்றது.

"பரவாயில்ல. மழையில எல்லாம் ஒண்ணாத்தான் கரையப்போகுது," என்றார் துறவி.

செலே கணவாயிலிருந்து அரை மணி நேரம் நடந்தால் ஒரு பாறை வரும். அதன் அடியில் மழை அவ்வளவாகப் படாது. அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் பாரோ, இன்னொரு பக்கம் அவள் ஊர். அங்கேதான் வரிசையாக வைத்தேன். சாய்ந்ததை முன்வரிசையில் ஓரமாக வைத்தேன். காரணம் ஒன்றும் இல்லை. அது மட்டும்தான் எனக்கு அவளைப்போல இருந்தது.

அந்தப் பாதையில் மாதத்தில் மூன்று தடவையாவது வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அந்தப் பாறை வந்ததும் நான் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று சென்சோ அண்ணனுக்குப் போன் போடுவேன். அங்கே நன்றாக எடுக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் என் முகத்தை யாரும் பார்க்கக்கூடாது, அதற்குத்தான்.

*

இந்த வசந்தத்தில் ஹெல்லே என்ற அம்மாள் தனியாக வந்தாள். டென்மார்க்காரி. அறுபத்து மூன்று வயது. முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். முதல் நாளே பின்சீட்டில் உட்காராமல் சென்சோ அண்ணன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வளைவு வரும்போதெல்லாம் அவள் வலது கால் தானாக இல்லாத பிரேக்கை மிதித்தது.

"அந்தப் பக்கம் பிரேக் இல்ல மேடம். தரையில ஓட்டை போட்டுடாதீங்க," என்றார் சென்சோ அண்ணன், வாயில் வெற்றிலைபாக்கோடு.

"என் பஸ்ல எண்பது பேர் ஏறுவாங்க. ஒருநாளும் இப்படி பயந்ததில்ல."

"எங்க ஊர் வளைவுக்கு எண்பது பேரோட பயத்தை ஒருத்தரே பட்டாகணும் மேடம். அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வர்றீங்க."

அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அன்றைக்கே அவள் எங்கள் பேச்சில் நாலு சொல் கற்றுக்கொடு என்றாள். நன்றி சொன்னேன், போய்வருகிறேன் சொன்னேன், தண்ணீர் சொன்னேன். நாலாவதாக லாசோ. "மரியாதையா ஆமாம்னு சொல்றது," என்றேன். எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வேன். முழு அர்த்தத்தையும் சொல்ல ஆரம்பித்தால் பாதி வழி போய்விடும்.

எட்டாம் நாள் ஹாவிலிருந்து திரும்பும்போது செலே கணவாயில் இறங்கி நடந்தோம். ரோடோடென்ட்ரான் மரங்கள் பூத்திருந்தன. பாறை வந்தது. நான் வழக்கம்போலத் திரும்பி நின்று போனை எடுத்தேன்.

"டேய் நிடூப், சாப்பாட்டை எங்கடா எறக்கறது?" என்று கத்தினார் சென்சோ அண்ணன். "கீழ வந்துதான் சாப்பிடுவீங்கன்னா சொல்லு. மிளகாயும் சீஸும் ஆறிப்போயி கல்லு மாதிரி கெடக்கு. நான் தின்னுடுவேன்."

"கீழதான்ணே. ஒரு மணி நேரத்துல வந்துடுவோம்."

எனக்குப் பின்னால் ஹெல்லே ஏதோ கேட்டாள். நிடூப் என்று என் பெயர் கேட்டது. அதற்குமேல் காற்று. நான் திரும்பவில்லை. கண் ஈரமாக இருந்தது.

"லாசோ லா, மேடம்," என்றேன்.

காதில் விழுந்தது என்று சொல்வதுதான் அந்தச் சொல்லின் ஒரே அர்த்தம். அந்த அர்த்தம்கூட அன்றைக்குப் பொய்.

*

மறுநாள் புலிக்குகை மடத்துக்கு ஏறினோம். அவளுக்கு அதுதான் கடைசி நாள். அடுத்த நாள் காலை விமானம். பாதி மலையில் இருக்கும் டீக்கடையில் முழங்காலைத் தேய்த்துவிட்டபடி உட்கார்ந்தாள். இரண்டு கோப்பை டீயும் பிஸ்கெட்டும் வாங்கி வந்து எதிரே உட்கார்ந்தேன்.

"என் வீட்டு அடுப்படியில பாத்திரம் கழுவற இடத்துக்கு மேல ஒரு ஜன்னல் இருக்கு," என்றாள். "அந்தப் பலகையில, போன ஒவ்வொரு ஊர்லேர்ந்தும் ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கேன். கடையில வாங்கினது எதுவும் கெடயாது. ஒரு கூழாங்கல்லு, ஒரு கிளிஞ்சல், ஒரு காய்ஞ்ச கொட்டை. காலைல கோப்பையைக் கழுவிக்கிட்டே ஒவ்வொண்ணா பார்ப்பேன். அதுக்குத்தான் நேத்து உங்ககிட்ட கேட்டது. பெரிய மனசு பண்ணி சரின்னீங்க."

"என்ன கேட்டீங்க மேடம்?"

"அந்தக் குட்டிக் கோபுரம்! பாறைக்கு அடியில அத்தனை இருந்ததே. நல்லா நிக்கறதையெல்லாம் எடுக்க மனசு வரல. ஒண்ணு மட்டும் கோணலா இருந்தது. அதை யாரும் தேட மாட்டாங்கன்னு எடுத்தேன்."

போனைத் திருப்பிக் காட்டினாள். ஹோட்டல் மேசைமேல், விளக்கு வெளிச்சத்தில், அது சாய்ந்து நின்றது. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். என் கட்டைவிரல் ரேகை திரை முழுக்க விரிந்தது.

"யாரோ செஞ்சவங்க விரல் பாருங்க. அழகா இருக்குல்ல?"

என் வாய் தானாகத் திறந்தது. "லாசோ லா," என்றேன்.

அதற்கப்புறம் மேலே மடத்தில் நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பதினான்கு வருடம் சொன்ன கதைதானே, வாய் சொல்லியிருக்கும். விளக்கேற்றுகிற இடத்தில் அவள் ஒரு விளக்கை ஏற்றிவிட்டு, நீங்களும் ஏற்றுங்கள் என்றாள். தீக்குச்சி மூன்று தடவை அணைந்தது.

இறங்கும்போது கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். முதல் வளைவில், மேடம் என்று ஆரம்பித்தேன். எதிரே குதிரைகள் வந்தன. மலையோரமாக ஒதுங்கி நின்றோம். குதிரைகள் போனபிறகு அவள் குதிரைகளைப் பற்றிப் பேசினாள். இரண்டாவது தடவை ஆரம்பித்தபோது, "சொல்லுங்க நிடூப்," என்று நின்று, வேர்த்த முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். முழங்கால் வலியோடு மேலே வரை ஏறிவிட்ட சந்தோஷம் அந்த முகம் முழுக்க இருந்தது. நீங்கள் என் மனைவியை எடுத்துப் பையில் வைத்திருக்கிறீர்கள் என்று அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது? நானே சரி என்று சொல்லியிருக்கிறேன். விருந்தாளிக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதா?

"கல்லு வழுக்கும். பார்த்து வாங்க," என்றேன்.

கீழே வந்ததும் அவள் பாசிமணி விற்கிற பெண்களிடம் போய் நின்றாள். நான் வண்டிக்குப் போய் சென்சோ அண்ணனிடம் சொன்னேன். மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எது? கோணலா ஒண்ணு செஞ்சேன்னியே, அதா?"

"அதேதான்."

"ஏன்டா, நீயே குடுத்தியா?"

"லாசோன்னேன்ணே. அவங்க கேட்டது என்னன்னே தெரியாது."

"லாசோன்னா ஆமாம்னு சொல்லிக்குடுத்த மகராசன் யாரு? நான் முன்சீட்டுலதானே இருந்தேன்." எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார். "போ. இப்பவே போயி கேளு. நல்ல பொம்பள அது. கையில குடுத்துடும்."

"இவ்வளவு ஜனத்துக்கு நடுவுலயா? ஹோட்டலுக்குப் போயி, டீ குடிக்கும்போது நிதானமா சொல்றேன்."

"உன் பொண்டாட்டி உன்னைப்பத்தி சொன்னது சரிதான்டா."

"என்ன சொன்னா?"

"விடு," என்றார். வண்டியைக் கிளப்பினார்.

*

ஹோட்டலுக்கு வந்தபோது மணி நாலு. "ஒரு குளியல் போட்டுட்டு வர்றேன். மூணு பேரும் ஒண்ணா டீ குடிப்போம்," என்று ஹெல்லே மாடிக்குப் போனாள். நான் கீழே சோபாவில் உட்கார்ந்து என்ன சொல்வது என்று மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்தேன். மேடம், ஒரு சின்ன விஷயம். இல்லை, சின்ன விஷயம் இல்லை. மேடம், எங்கள் வழக்கத்தில் ஒன்று உண்டு. இது பாடம் எடுப்பதுபோல இருக்கிறது.

"மேல போய்க் கதவைத் தட்டுடா," என்றார் சென்சோ அண்ணன்.

"குளிக்கற நேரத்துலயா?"

"நீ இப்படியே எல்லாரும் குளிச்சு முடிக்கறவரைக்கும் உக்காரு."

நாற்பது நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் எனக்குத் தெரியும். அவள் ஈரத்தலையோடு இறங்கி வந்தாள், கையில் போன்.

நான் எழுந்து நின்றேன். "மேடம், அந்தக் கோபுரம்..."

"அதைப்பத்திதான் சொல்ல வந்தேன்!" என்றாள். "எங்க ஊர் விமான நிலையத்துல மண்ணு ஒட்டின எதையும் விடமாட்டாங்களாம். இப்பதான் படிச்சேன். அடியில கொஞ்சம் மண்ணு ஒட்டியிருந்துதா, வெதுவெதுப்பான தண்ணியில போட்டு வெச்சுட்டு வந்திருக்கேன். ஊறினா தானா விட்டுடும்."

நான் ஓடினேன். அவளைத் தாண்டி, இரண்டிரண்டு படியாக. அறைக்கதவு திறந்தே இருந்தது. முகம் கழுவும் தொட்டியில் அடைப்பானைச் சரியாக வைக்காததால் தண்ணீர் கசிந்து இறங்கிவிட்டிருந்தது. பீங்கானில் சாம்பல் நிறத்தில் வளையம் வளையமாகக் கறை. ஓட்டையின் விளிம்பில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு குழைந்த கட்டி. அதற்குள் இரண்டு மூன்று வெள்ளைத் துணுக்குகள், அரிசிக்குருணை மாதிரி.

சுட்ட மண் இல்லை அது. வெயிலில் காய்ந்த மண்.

பின்னால் ஹெல்லே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். "கரைஞ்சுடுச்சா? அடடா. களிமண்ணுன்னு தெரியாம போச்சு. நிடூப்? ஏன் இப்படி நிக்கறீங்க?"

"அது வெறும் களிமண்ணு இல்ல மேடம்," என்றேன். "என் பொண்டாட்டி. அவ சாம்பல்."

குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. நான் கையை நீட்டி அதை இறுக்கி மூடினேன்.

"நீங்கதானே... சரின்னு சொன்னீங்க?" என்றாள். சண்டைக்கு இல்லை. தொலைந்துபோன குழந்தை கேட்பது போல.

"சொன்னேன்."

"ஏன்?"

"எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்வேன் மேடம்."

அவள் நான் எதிர்பார்க்காததைச் செய்தாள். கீழே உட்கார்ந்து, தலையைத் தொட்டிக்கு அடியில் விட்டு, மேலே பார்த்தாள்.

"இங்க வளைவு இருக்கு," என்றாள். குரல் மாறியிருந்தது. "குழாய் வளையற எடத்துல கனமானதெல்லாம் தங்கும். தண்ணி திறக்காதீங்க. யாரும் தண்ணி திறக்கக்கூடாது. சென்சோகிட்ட ஸ்பேனர் இருக்கா?"

சென்சோ அண்ணன் ஏற்கெனவே கதவருகே நின்றிருந்தார். திரும்பி ஓடினார். பெரிய உடம்பு. படியெல்லாம் அதிர்ந்தது.

ஸ்பேனர் வந்தது. நான் வாங்கக் கை நீட்டினேன். "முப்பது வருஷம் பஸ்ஸோட மாரடிச்சவ நான், ஸ்பேனர் எனக்குப் புதுசு இல்ல," என்று அவளே வாங்கிக்கொண்டாள். மல்லாந்து படுத்தாள். ஈரத்தலை டைல்ஸில் பட்டது. மரை துருப்பிடித்திருந்தது. இரண்டு தடவை வழுக்கி அவள் விரல் முட்டியில் தோல் கிழிந்தது. சென்சோ அண்ணன் போனில் விளக்கைப் போட்டுப் பிடித்தார். நான் பல் தேய்க்கிற கண்ணாடித் தம்ளரைக் குழாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு முட்டிபோட்டு இருந்தேன்.

மரை விட்டது. முதலில் கலங்கல் தண்ணீர், பிறகு கெட்டியாக. தம்ளர் முக்கால் நிறைந்தது.

மூவரும் அதைப் பார்த்தோம். சோப்பு நுரை. யார் யாருடையதோ தலைமுடி, பந்தாகச் சுருண்டு. ஒரு ஷாம்பு பாக்கெட்டின் மூலை. கறுப்பாக ஏதோ வழவழப்பு. இவை எல்லாவற்றுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் மெதுவாக அடியில் படிந்துகொண்டிருந்தது ஒன்று. இதில் எது அவள் என்று நான் தேடினேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். அன்றைக்கு வெள்ளைத் துணிக்கு மேலே அவள் முகம் எந்தப் பக்கம் என்று தேடினேனே, அதே மாதிரி.

ஹெல்லே தரையிலிருந்து எழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். விரலிலிருந்து ரத்தம் கசிந்தது.

"இது போதுமா நிடூப்?" என்றாள். "இதைத் திரும்ப செஞ்சுடலாமா? சரியாயிடுமா?"

அந்தச் சொல் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவள் முகம் தெளிந்திருக்கும். எனக்குத் தெரியும் அது எப்படித் தெளியும் என்று. கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருப்பாள். நாளை ஊருக்குப் போய் நன்றாகத் தூங்கியிருப்பாள்.

"இல்ல மேடம்," என்றேன். "சரியாகாது."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சென்சோ அண்ணன் போன் விளக்கை அணைத்தார். அவள் துண்டை எடுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

*

காலையில் விமான நிலையத்துக்குப் போகிற வழியில் அவள் பின்சீட்டில் உட்கார்ந்தாள். சென்சோ அண்ணன் எந்த வளைவையும் கிண்டல் செய்யவில்லை. வாசலில் பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். வழக்கமாக அந்த இடத்தில் வெள்ளைச் சால்வை போட்டு, மறுபடி வாருங்கள் என்று சொல்லி, கும்பிட்டு அனுப்புவோம். சால்வை என் அங்கிக்குள் மடித்தபடி இருந்தது. எடுத்துப் போட்டேன். மறுபடி வாருங்கள் என்பதைச் சொல்லவில்லை.

"அவங்க பேரு என்ன?" என்று கேட்டாள்.

இறந்தவர் பெயரை நாங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. கூப்பிட்டதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள் என்பார்கள்.

"வேண்டாம் மேடம்," என்றேன்.

ஒரே நாளில் இரண்டாவது முறை ஒரு விருந்தாளிக்கு இல்லை என்றிருக்கிறேன் என்று வண்டியில் ஏறியபிறகுதான் தோன்றியது. உண்மையில் இரவு தாண்டிவிட்டது, இரண்டாவது நாள். இருந்தாலும் எனக்கு அது ஒரே நாளாகத்தான் இருந்தது.

தம்ளரில் இருந்ததை ஒரு ஜாம் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தேன். சென்சோ அண்ணன் தானாகவே வண்டியைச் செலே பக்கம் திருப்பினார். கணவாயில் வண்டியை நிறுத்திவிட்டு அவரும் கூட நடந்தார். மூச்சு முட்டியது அவருக்கு. இந்தப் பாதையில் அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

பாறைக்கு அடியில் நூற்றேழு இருந்தன. முன்வரிசை ஓரத்தில் ஒரு வட்டமான காய்ந்த தடம், கோப்பையை எடுத்த இடம்போல. முட்டிபோட்டு உட்கார்ந்து பாட்டிலைத் திறந்தேன். மேலே தெளிந்திருந்த தண்ணீரை மெதுவாக வடித்தேன். முடிகளை ஒவ்வொன்றாக விரலால் எடுத்தேன். பழுப்பு, நரை, பொன்னிறம். கடைசியில் ஒரு நீளமான கறுப்பு முடி வந்தது. அவளுடையதாக இருக்க முடியாது. எரித்ததில் முடி ஏது. தெரிந்தும் அதை எடுத்துப்போட வெகுநேரம் ஆயிற்று.

மிஞ்சிய சேற்றைக் கையால் கூட்டி அந்தத் தடத்தில் வைத்தேன். நிற்கவில்லை. பரந்து உட்கார்ந்தது. அச்சும் இல்லை, மந்திரம் சொல்ல ஆளும் இல்லை. கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினேன்.

சென்சோ அண்ணன் மணிக்கட்டைப் பார்த்தார். "பன்னெண்டு மணி விமானத்துல அடுத்த குரூப்டா. நாலு பேரு. இப்ப கெளம்பினாத்தான் சரியா இருக்கும்."

"இந்தக் குரூப்ப வேற யாருக்காவது குடுத்துடுண்ணே."

"என்னது?"

"நான் வரல. இங்கயே இருக்கேன்."

"கம்பெனில என்னன்னு சொல்றது? காய்ச்சல்னு சொல்லவா?"

"வரலன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

அவர் என்னையே பார்த்தார். வாயில் இருந்ததை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். "இத ரெண்டு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். தன் சட்டைக்குள்ளிருந்து ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துக் கல்மேல் வைத்தார். போய்விட்டார். நெடுநேரம் கழித்து, வண்டி வளைவுகளில் இறங்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஹாரன்.

அதன்பிறகு காற்று மட்டும்தான். இந்தப் பாறைக்கு முகத்தைக் காட்டி நான் உட்கார்வது, அவளை இங்கே வைத்த நாளுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. ஹா பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்தது. சேறு இன்னும் காயவில்லை.

"இருக்கேன்," என்றேன்.

யாரும் லாசோ சொல்லவில்லை.